காரியதரிசி தம் மகளுக்குக் கல்லூரி பார்த்த கதை

விஸ்வலிங்கத்துக்குப் பேசக் கிடைத்தால் போதும், மைக் கூட வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் துறைமுக அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்தார். எதிர்க்கரையில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் வீடு. காலையில் பஸ், அப்புறம் பெர்ரி. மாலையில் பெர்ரி, அப்புறம் பஸ். அலுவலகத்தில் அவர் பேச்சைக் கேட்பதற்கு ஃபைல்கள்தான் இருந்தன. அதனால் மனத்தில் தேங்கியதையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சைவ சபையின் ஆண்டுக் கூட்டத்தில் கொட்டிவிடுவார். அந்தச் சபைக்கு அவர் காரியதரிசி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் நடந்த கூட்டத்தில் அவர் பேசிய பேச்சைத்தான் இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் மேடையிலும் வீட்டிலும் அவருக்கு வருவது அந்தப் பேச்சுதான்.

"எங்கட பிள்ளைகளைக் கன்னியாஸ்திரிமாரிட்டையும் பிரதர்மாரிட்டையும் ஒப்படைச்சுப்போட்டு, பிறகு கோயிலுக்குக் கூட்டம் வரேல்லையெண்டு அழுறம். ஆர் பிழை? அவையளிலை பிழையில்லை. எங்களிலைதான் பிழை."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. சபைத் தலைவர் அப்புத்துரை எழுந்து வந்து தோளில் தட்டிக்கொடுத்தார். பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரியதரிசி தம் பள்ளிப் படிப்பு முழுவதையும் கத்தோலிக்கத் துறவிகளான அந்தப் பிரதர்மாரிடம் படித்தவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை. இத்தனைக்கும், வாசற்படியில் கால் இடித்துக்கொண்டால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது முருகன் பெயர் அல்ல.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி செல்வநாயகி சொன்னார்.

"நல்லாப் பேசினியள்."

"சனம் தட்டினதைப் பாத்தனீரோ?"

"பாத்தனான். ஞானாவுக்குச் சிஸ்டர்மார் காலேஜில ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைச்சிருக்கு. காலமை போய்ப் பாத்தனான், போர்டில பேர் போட்டிருக்கு."

விஸ்வலிங்கம் நின்றுவிட்டார். ஞானாம்பிகை அவர்களுடைய ஒரே மகள். ஐந்தாம் படிவத்தை, அதாவது பதினோராம் வகுப்பை, நல்ல தேர்ச்சியோடு முடித்திருந்தாள். மேற்கொண்டு எங்கே படிக்க வைப்பது என்று வீட்டில் பேச்சு நடந்ததென்னவோ உண்மை. ஆனால் புனித மோனிக்கா கல்லூரிக்கு அவள் மனுப்போட்டதே அவருக்குத் தெரியாது. அதைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். ஊரில் யாரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. சிஸ்டர்மார் காலேஜ், அவ்வளவுதான்.

"முந்தியே ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா பேச்சுக் கெட்டுப்போயிருக்குமே."

அடுத்த வாரம் முழுக்க அவர் யோசனையில் இருந்தார். தனக்கு ஆதரவு திரட்டலாம் என்று நினைத்துத் தலைவர் அப்புத்துரையின் வீட்டுக்குப் போனார். காப்பி வந்தது. விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னார்.

"நல்ல இடமெல்லோ. என்ர பேத்திமார் ரெண்டு பேரும் அங்கதான்," என்றார் அப்புத்துரை.

"அப்ப ஏன் எழும்பி வந்து தோளில தட்டினியள்?"

"பேச்சு நல்லா இருந்தது, தம்பி."

பொருளாளரின் மகளும் அங்கேதான் படித்தாள். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மனிதர், "சிஸ்டர்மார் கண்டிப்பு, அதுதான் விட்டனான். கேற்றை விட்டு வெளியில ஒரு பெட்டையும் போகேலாது," என்று பெருமையாகச் சொன்னார். கமிட்டியில் இன்னும் விசாரித்துப் பார்த்தபோது, அந்தக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாதவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

இந்த நிலையில் வேறொருவராயிருந்தால் மெல்லப் பின்வாங்கியிருப்பார். விஸ்வலிங்கம் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல. ஊரே சொன்னதைச் செய்யாவிட்டாலும் சொன்னவனாவது செய்யவேண்டும் என்று முடிவுகட்டினார். மதமே இல்லாத ஒரு கல்லூரியைத் தேடிப் புறப்பட்டார்.

அது டத்தோ கிராமாட் சாலையில் இருந்தது. கீழே நாற்காலி மேசை விற்கும் கடை, மேலே எவரெஸ்ட் கல்லூரி. சிகரத்தின் பெயரை வைத்தது பொருத்தம்தான். படிகள் அவ்வளவு செங்குத்து. ஏற்கெனவே முழங்கால் வலியுள்ள விஸ்வலிங்கம் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டார்.

கல்லூரி முதல்வர் திருநாவுக்கரசு சென்னையில் எம்.ஏ. படித்தவர். பெயரில் இருந்த பக்திக்கும் ஆளுக்கும் சம்பந்தம் கிடையாது.

"சார், நான் சாமி கும்பிடறதில்ல. வெளிப்படையாவே சொல்லிடறேன். இங்க படிப்பு மட்டும்தான். மதம், ஜாதி ஒன்னும் உள்ள வராது லா," என்றார். சென்னையில் படித்தும் பினாங்கு 'லா' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

விஸ்வலிங்கத்துக்கு உள்ளூரச் சங்கடமாகத்தான் இருந்தது. கடவுளை நம்பும் கன்னியாஸ்திரிகளிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிக் கடவுளே இல்லை என்பவரிடம் கொடுக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேடையில் சொன்ன வார்த்தை முன்னால் வந்து நின்றது. மாடிப்படியின் அடியில் சிவப்புப் பலகை மாடத்துக்குள் சீனத்து மண்சாமி ஒன்றும், அதன் முன்னால் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழங்களும் இருந்ததை இறங்கும்போதுதான் கவனித்தார். அது கடைக்காரருடையது, கணக்கில் சேராது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ஞானாம்பிகை எவரெஸ்டில் சேர்ந்தாள். அவள் மறுப்புச் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

சில மாதங்கள் அமைதியாகப் போயின. மகள் ஒழுங்காகப் போனாள், ஒழுங்காக வந்தாள். முன்பு வீட்டில் வாய் திறக்காதவள், இப்போது சாப்பாட்டு மேசையில் அம்மாவோடு இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாள். விஸ்வலிங்கம் இதையெல்லாம் தம் தீர்மானத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார். பெர்ரியில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட அதைச் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, குளியலறையிலிருந்து பாட்டுக் கேட்டது. ஆங்கிலப் பாட்டு. மெட்டு இனிமையாக இருந்தது. விஸ்வலிங்கம் பேப்பரை மடித்துவிட்டுக் காதைக் கொடுத்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே 'அல்லேலூயா' என்ற சொல் மிகத் தெளிவாக வந்தது.

"செல்வம், கேக்குதோ?"

"கேக்குது. குரல் நல்லாத்தான் இருக்கு," என்றார் செல்வநாயகி, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே.

வெளியே வந்த மகளிடம் கேட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீண்ட இடைவேளை. மலாய்ப் பிள்ளைகள் தொழப் போய்விடுவார்கள். அப்போது மூன்றாம் மாடியில் கிறிஸ்துவ மாணவர்கள் கூடிப் பாடுவார்கள். ஸ்டீவன் ஊய் என்ற சீனப் பையன் கித்தார் வாசிப்பான். அவளும் போவாள். கூயே என்னும் மலாய்ப் பலகாரமெல்லாம் கொடுப்பார்கள்.

பலகாரத்துக்காக மதம் மாறியவர்களைப் பற்றி விஸ்வலிங்கம் ஒரு பேச்சிலே குறிப்பிட்டிருந்தார். அந்தப் பேச்சு இப்போது அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு எவரெஸ்ட் ஏறினார். நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

"மதம் உள்ள வராதெண்டு சொன்னனீங்கள்."

"வரலியே சார். காலேஜுக்கு மதம் கிடையாது. அதனாலதான் யார் கேட்டாலும் ரூம் குடுக்கறோம். புத்த சங்கத்துக்கு செவ்வாக்கிழமை. கிறிஸ்துவங்களுக்கு வெள்ளி. நம்ம இந்துப் பசங்களுக்கு புதன்கிழமை குடுத்தேன், ரெண்டு வாரம் வந்தானுங்க. அப்புறம் பேட்மிண்டன் ஆடப் போயிட்டானுங்க. நீங்க வேணும்னா அவனுங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க சார்."

விஸ்வலிங்கம் கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

அறையில் கூட்டம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் போய் உட்காரலாம், யார் கண்ணிலும் படாமல் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒருவர் கிறிஸ்துவக் கூட்டத்தில் கண்ணில் படாமல் உட்காருவது எப்படி என்று அவர் யோசித்திருக்கவில்லை. நுழைந்ததுமே ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். இன்னொருத்தி சிவப்புச் சிரப்புக் கலந்த குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த ஞானாம்பிகையின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

பாட்டு முடிந்ததும் கித்தார்க்காரப் பையன் ஊய் அவரிடம் வந்து, மிகவும் மரியாதையாக, "அங்கிள், உங்களுக்காக நாங்க எதுக்காவது பிரார்த்தனை செய்யணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சபையில் எத்தனையோ கேள்விகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவர்தான். ஆனால் உளவு பார்க்க வந்தேன் என்று சொல்லமுடியுமா? படியேறிய வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"முழங்கால்."

உடனே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தலைகள் குனிந்தன. ஊய் முழங்காலுக்கு மேலே கையை நீட்டி, கண்ணை மூடி, அங்கிளின் வலது காலைப் பற்றி ஆண்டவரிடம் விரிவாக எடுத்துச் சொன்னான். விஸ்வலிங்கம் கண்ணை மூடுவதா திறந்து வைத்திருப்பதா என்று புரியாமல் ஒன்றை மட்டும் லேசாகத் திறந்தார். எதிரே மகள் நின்றாள். அவளும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்பா மகள் என்ற உறவில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரிப்பை அடக்கியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் முழங்கால் வலி குறைந்திருந்தது. பெர்ரித் துறையின் சரிவில் ஏறும்போது அவருக்கே திகிலாக இருந்தது. இரவில் தைலம் தேய்த்திருந்தார் என்பதும் உண்மைதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தார். புண்ணியம் யாருக்குச் சேரவேண்டும் என்பதில் வழக்கு வரக்கூடாது பாருங்கள்.

வீட்டில் செல்வநாயகிதான் வழியைச் சொன்னார்.

"சிஸ்டர்மாரிட்டையே விட்டிருக்கலாம். அங்க பாட்டும் இல்லை, கித்தாரும் இல்லை. பாடம் முடிக்கவே அவையளுக்கு நேரம் காணாது. அப்புத்துரை அண்ணையின்ர பேத்திமாரைப் பாருங்கோ, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாவாடை தாவணியோட கோயிலுக்கு வருதுகள்."

"நான் மேடையில சொன்னது?"

"மேடையில சொன்னது மேடையிலயே இருக்கட்டும்."

பெண் ஒருத்தி ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டதால் சிஸ்டர்மார் கல்லூரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. விஸ்வலிங்கம் மகளை அழைத்துக்கொண்டு போனார். முதல்வர் சிஸ்டர் அகத்தா, பாகான் டாலாமில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. வந்தவரின் நெற்றியைப் பார்த்தார், எவரெஸ்ட் கல்லூரியின் சான்றிதழைப் பார்த்தார்.

"முதல்லயே இடம் குடுத்தோமே சார், அப்ப ஏன் வரல?"

"அப்ப, மதமில்லாத இடமாப் பாத்தன், சிஸ்டர்."

"இப்ப ஏன் இங்க மாத்துறீங்க?"

விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அங்க மதம் கூடிப்போச்சு, சிஸ்டர்."

சிஸ்டர் அகத்தா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது முகம் நேராக இருந்தது.

"இங்க அந்தக் கவல வேணாம் சார். இந்தப் பொண்ணுங்கள கணக்குல பாஸ் பண்ண வைக்கறதுக்கே எங்க ஜெபம் பத்த மாட்டேங்குது. உங்க சபா தலைவர் பேத்திங்க இங்கதான் படிக்குதுங்க, தெரியும்தானே?"

"தெரியும், சிஸ்டர்," என்றார் விஸ்வலிங்கம், நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே.

"சரி, பொண்ணு என்ன சொல்லுது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். ஞானாம்பிகை கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, சிஸ்டர்."

சிஸ்டர் அகத்தா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"இப்ப நான் கேக்கறேன்மா."

"எனக்கு கெமிஸ்ட்ரி விருப்பம். எவரெஸ்டில லேப் இல்லை. சார் போர்டில கலர் சோக்கால கீறிக் காட்டுவார், நாங்கள் பாத்துக் கீறவேணும். அமிலம் நீலத் தாளைச் சிவப்பாக்கும் எண்டு சிவப்புச் சோக்காலதான் பாத்தனாங்கள். இங்க லேப் இருக்கு. முதல்லயே நான் இங்க மனுப்போட்டது அதுக்குத்தான்."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அப்பா கூட்டத்தில பேசிப்போட்டார்," என்றாள் மகள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை பெய்தது, குடை இல்லை என்பதுபோல் சொன்னாள்.

விஸ்வலிங்கத்துக்கு அந்த நேரத்தில் வலித்தது முழங்கால் அல்ல. கன்னியாஸ்திரி, கடவுள் மறுப்பாளர், கித்தார்ப் பையன், பிள்ளையார் என்று இத்தனை பேரை வைத்துக் கணக்குப்போட்டவர், சோதனைக்குழாயை நினைக்கவே இல்லை. லேப் இருக்கிறதா என்று கேட்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

சிஸ்டர் அகத்தா அவர்களை அழைத்துப்போய் லேப்பைக் காட்டினார். பழைய கட்டடம், உயரமான கூரை, வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். ஞானாம்பிகை ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை மேலும் வதைத்தது.

சேர்ந்தாகிவிட்டது. சபையில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று விஸ்வலிங்கம் எதிர்பார்த்துப் பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புத்துரை மட்டும், "பேத்திமாரோட பஸ்ஸில வரட்டும், துணைக்கு ஆச்சு," என்றார். தயார்செய்த பதில்கள் வீணாகப் போனதில் காரியதரிசிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் மகள் மறுபடி பேச்சைக் குறைத்துவிட்டாள். லேப் கிடைத்த சந்தோஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் முகம் வாடியது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலைக்குப் போகும்போது விஸ்வலிங்கம் அவளையும் பட்டர்வொர்த்துக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது பெர்ரியின் மேல்தளத்தில் இருவரும் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று நடுவில் இருந்தது.

"அந்தக் கூட்டத்துக்கு ஏன் பிள்ளை போனனீர்? சாமிக்கோ, பாட்டுக்கோ?"

அவள் கடலையை உரித்தபடி யோசித்தாள்.

"பாட்டு நல்லம். ஆனா அதுக்கில்லை. அங்க போனவுடனே, இந்த வாரம் எப்பிடி எண்டு கேப்பினம். கேட்டுப்போட்டு, நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் இருப்பினம்."

"நாங்களும் கேக்கிறனாங்கள்தானே?"

"நீங்கள் சோதனையில எத்தனை மார்க் எண்டு கேப்பியள், அப்பா."

விஸ்வலிங்கம் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். எதிரே வந்த இன்னொரு பெர்ரி கடந்து போனது. பேசுவதில் பெயரெடுத்த மனிதருக்கு ஒரு சிறிய கேள்வியைக் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"சரி. இந்த வாரம் எப்பிடி?"

மகள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். சிஸ்டர் ஒருவர் குடுவையை உடைத்தது, அப்புத்துரையின் மூத்த பேத்தி அமில ஆவியைப் பார்த்துப் பயந்து ஓடியது, தனக்கு மலாய்க் கட்டுரை வராதது, ஊய் தெருவில் பார்த்து அங்கிளின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. அவர் இடையில் ஒருமுறை வாய் திறந்தார். மூடிக்கொண்டார். இன்னொருமுறை திறந்தார். அதையும் மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த மிகக் கடினமான காரியம் அதுவாகத்தான் இருக்கும். பெர்ரி தீவுப்பக்கம் போய்ச் சேர்ந்ததையோ, ஆட்கள் இறங்கியதையோ, புது ஆட்கள் ஏறியதையோ அவர்கள் கவனிக்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது மறுபடி பட்டர்வொர்த் வந்துகொண்டிருந்தது.

"எங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்ட செல்வநாயகியிடம் பெர்ரி தாமதம் என்றார். கடல் அமைதியாக இருந்த நாளில் பெர்ரி எப்படித் தாமதமானது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

ஞானாம்பிகை சிஸ்டர்மாரிடமிருந்து கெட்டிக்காரியாக வெளியே வந்தாள். மிண்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், உண்மையான அமிலத்தோடு, லேப் வேலைக்குச் சேர்ந்தாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பாள். கிறிஸ்துமஸுக்கு ஊயின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள். மதம் மாறுவாளோ என்ற பயம் விஸ்வலிங்கத்துக்கு எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் தேடிப் பார்த்தபோது காணவில்லை.

தொண்ணூறுகளில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகள் சிறிய கார் ஒன்று வாங்கியிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பட்டர்வொர்த்துக்கு, அவருடைய தங்கையைப் பார்க்கக் கூட்டிப்போவாள். பினாங்குப் பாலம் திறந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப்பேர் பாலத்தில்தான் போனார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் பாலத்தின் பக்கம் காரைத் திருப்புவாள். அவர் ஒவ்வொரு தடவையும் துறைப்பக்கம் கையைக் காட்டுவார்.

"பாலத்தில போனா கெதியாப் போயிடலாம், அப்பா."

"அதுதான் வேண்டாமெண்டுறன். நீ பாதி சொல்லேக்கையே மற்றப் பக்கம் வந்திடும்."

கார் பெர்ரி வரிசையில் போய் நின்றது.